புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர் இன்று வண்டி ஓட்டலாமா?

புற்றுநோய் என்று தெரிந்த நாளில் வண்டி ஓட்டுவதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அறுவை சிகிச்சை எப்போது, கீமோ எத்தனை சுற்று என்ற கேள்விகளுக்கே நேரம் போதாது. சில வாரம் கழித்து, மருத்துவமனைக்கு யார் கூட்டிப்போவது என்ற பேச்சு வரும்போதுதான் "நானே ஓட்டிக்கொண்டு போய்விடுகிறேன்" என்று நோயாளி சொல்கிறார். வீட்டில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. "உடம்பு சரியில்லாதபோது சாவியையே தொடக் கூடாது" என்பார் ஒருவர். "நன்றாகத்தானே இருக்கிறீர்கள், ஓட்டுங்கள்" என்பார் இன்னொருவர். இரண்டுமே அவசரத் தீர்ப்புகள். நோயின் பெயரை மட்டும் வைத்து இதை முடிவு செய்ய முடியாது. மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ பெறும் ஒருவர் சுற்றின் மூன்றாம் வாரத்தில் எந்தக் குறையும் இல்லாமல் ஓட்டலாம். அவரே முதல் வாரத்தில் சிவப்பு விளக்கைத் தாமதமாகக் கவனிக்கலாம். கட்டி எங்கே இருக்கிறது, நேற்று எந்த மருந்து ஏறியது, இன்று காலை என்ன மாத்திரை போட்டார், இரவு எத்தனை மணி நேரம் தூங்கினார் என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால்தான் அன்றைக்கான பதில் கிடைக்கும்.

"எனக்கு ஒன்றும் தெரியவில்லை, தெளிவாகத்தான் இருக்கிறேன்" என்ற உணர்வை நம்பி ஓட்டுவதுதான் இதில் பெரிய சிக்கல். அமெரிக்காவின் அயோவாவில் நடந்து 2000-ஆம் ஆண்டில் வெளியான ஒரு ஆய்வில், ஒவ்வாமை மருந்தான டைஃபென்ஹைட்ரமின் 50 மி.கி. கொடுத்து, ஓட்டுநர்களைச் சிமுலேட்டரில் ஓட்ட வைத்தார்கள். அதே ஆட்கள் வேறொரு நாளில், ரத்தத்தில் மது சுமார் 0.1 சதவீதம் இருக்கும் அளவுக்குக் குடித்துவிட்டு ஓட்டினார்கள். டைஃபென்ஹைட்ரமின் எடுத்த நாளில்தான் ஓட்டம் மிக மோசமாக இருந்தது. தூக்கம் வருகிறதா என்று கேட்டபோது அவர்கள் சொன்ன பதிலை வைத்து, யார் மோசமாக ஓட்டுவார்கள் என்று கணிக்க முடியவில்லை. புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவருக்கு இந்த ஆய்வு நேரடியாகப் பொருந்தும். பேக்லிடாக்செல் என்ற கீமோ மருந்தை ஏற்றுவதற்கு முன் ஊசியில் தரும் மருந்துகளில் பெரும்பாலும் இதே டைஃபென்ஹைட்ரமின், இதே 50 மி.கி. அளவில் இருக்கிறது. ஆகவே உள்ளுணர்வைவிடக் கடிகாரத்தையும் மருந்துச் சீட்டையும் நம்புவதே பாதுகாப்பு.

மருந்து ஏறும் நாள்

பேக்லிடாக்செல் தண்ணீரில் கரையாது. அதனால் வழக்கமான தயாரிப்பில் எண்ணெயும் எத்தனால் என்ற மதுவும் கலந்த கரைசலில் அது வருகிறது. சராசரி உடலமைப்புள்ள ஒருவருக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை தரும் அளவு சுமார் 300 மி.கி. என்றால், அதனுடன் சுமார் 20 கிராம் எத்தனால் உடலுக்குள் போகிறது. அரை லிட்டர் பீரில் இருக்கும் அளவு அது. அதே வகைக் கீமோ மருந்தான டோசிடாக்செலின் பல தயாரிப்புகளிலும் எத்தனால் உண்டு. இதனால் நோயாளிகளுக்குப் போதை போன்ற நிலை வரலாம் என்று 2014 ஜூனில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது. ஏற்றி முடித்த பின் 1 முதல் 2 மணி நேரம் ஓட்ட வேண்டாம் என்றும் சொன்னது. ஆல்புமினுடன் இணைத்த பேக்லிடாக்செலில் எத்தனால் கிடையாது. எந்தத் தயாரிப்பு போகிறது என்று செவிலியரிடம் கேட்டால் சொல்லிவிடுவார். எத்தனால் சில மணி நேரத்தில் வடிந்துவிடும் என்றாலும் முன்னதாக ஏற்றிய டைஃபென்ஹைட்ரமினின் மந்தம் அதைவிட நீடிக்கும். குமட்டலுக்கும் பதற்றத்துக்கும் லோராசெபாம் சேர்த்திருந்தால் அன்று முழுவதும் ஓட்டக் கூடாது.

அடுத்த நாளும் கவனிக்க வேண்டிய நாள்தான். ஒவ்வாமையையும் குமட்டலையும் தடுக்கத் தரும் டெக்ஸாமெத்தாசோன் என்ற ஸ்டீராய்டு பலரை இரவு முழுக்க விழிக்க வைக்கும். மறுநாள் காலை உடலில் ஒரு செயற்கையான சுறுசுறுப்பு இருக்கும். தூக்கக் கடன் அதற்கு அடியில் ஒளிந்திருக்கும். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் வேகமும் ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவருடையதைப் போலாகிவிடும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஸ்டீராய்டு நின்ற பிறகு, பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து, அசதி முழு வேகத்தில் இறங்கும். குமட்டலுக்கு இரவில் ஓலன்சபின் போடுபவர்களுக்கு இன்னொரு சுமையும் உண்டு: அந்த மருந்து பாதியாகக் குறையவே சுமார் 30 மணி நேரம் ஆகும் என்பதால் காலையிலும் மந்தம் தொடரலாம்.

நடைமுறையில் இதற்குச் செய்ய வேண்டியது எளிது. முதல் சுற்றுக்கு யாராவது ஒருவர் ஓட்டிக் கூட்டிப்போகட்டும். அன்றிலிருந்து அடுத்த சுற்றுவரை தினமும் ஒரு வரி எழுதி வையுங்கள்: தூங்கிய நேரம், அசதி பத்துக்கு எவ்வளவு, தலைசுற்றல் உண்டா, விரல்கள் மரத்தனவா. அதே மருந்து அதே அளவில் வரும்போது பலருக்கும் ஏறக்குறைய அதே வடிவம் அடுத்த சுற்றிலும் திரும்பும். எந்த நாட்களில் ஓட்டக் கூடாது என்பது ஒரே மாதத்தில் தெரிந்துவிடும். கதிர்வீச்சில் கணக்கு வேறு. வாரம் ஐந்து நாள் வீதம் பல வாரம் போகும்போது அசதி கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து கடைசி வாரங்களில் உச்சத்துக்குப் போகும். முதல் வாரம் தானே ஓட்டி வந்தவர் ஐந்தாம் வாரமும் அப்படியே வர முடியும் என்று நினைக்க வேண்டாம்.

வலி மருந்தும் ஸ்டீயரிங்கும்

மார்ஃபின் எடுப்பவர் ஓட்டவே கூடாது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது முழு உண்மையல்ல. 1995-ல் பின்லாந்தில் நீண்ட நாளாக ஒரே அளவில் மார்ஃபின் எடுத்துவந்த 24 புற்றுநோயாளிகளையும், வலியும் வலி மருந்தும் இல்லாத 25 புற்றுநோயாளிகளையும் ஒப்பிட்டார்கள். மார்ஃபின் குழுவினர் எடுத்த அளவு சராசரியாக ஒரு நாளுக்கு 209 மி.கி.; குறைந்த அளவு என்று சொல்ல முடியாது. தொழில்முறை ஓட்டுநர்களுக்கு வைக்கும் கவனத் தேர்வுகளை இரு குழுவினருக்கும் வைத்தபோது பெரிய வேறுபாடு தெரியவில்லை. தெளிவாகத் தெரிந்த ஒரு குறை, கண்ணை மூடிக்கொண்டு சமநிலை காப்பதில். காரில் உட்கார்ந்து ஓட்டுபவருக்கு அது பெரிதாகத் தோன்றாது. இரண்டு சக்கர வண்டி ஓட்டுபவர் அதை அலட்சியப்படுத்தக் கூடாது.

இதில் "ஒரே அளவில்" என்பதுதான் நிபந்தனை. மார்ஃபின், ஆக்ஸிகோடோன், ஃபென்டனில் போன்றவற்றைத் தொடங்கும்போதும் கூட்டும்போதும் தூக்க மயக்கம் வரும். உடல் பழக நாளாகும். தொடங்கியதிலிருந்தும் ஒவ்வொரு முறை கூட்டியதிலிருந்தும் ஒரு வாரம் ஓட்டாமல் இருப்பது நல்ல விதி. குறைந்தது ஐந்து நாளாவது வேண்டும். மருந்தை மாற்றினாலும், தூக்க மாத்திரையோ, நரம்பு வலிக்குத் தரும் பிரீகபாலினோ காபாபென்டினோ புதிதாகச் சேர்ந்தாலும் நாள் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இந்த மருந்துகள் ஒன்றோடொன்று சேரும்போது மந்தம் பல மடங்காகும். மதுவை ஒரு வாய்கூட இவற்றோடு சேர்க்கக் கூடாது.

இடையில் பீறிட்டு வரும் வலிக்குத் தரும் உடனடி மார்ஃபின் தனிக் கணக்கு. சுமார் ஒரு மணி நேரத்தில் உச்சத்தைத் தொட்டு நான்கு மணி நேரம் வரை வேலை செய்யும். போட்ட நேரத்திலிருந்து நான்கு மணி நேரம் ஓட்டாதீர்கள். இன்னும் மந்தமாக இருந்தால் அது தெளியும்வரை வேண்டாம். வழியில் வலி வந்தால் ஓரமாக நிறுத்தி மருந்தைப் போடுங்கள். அதன் பிறகு வண்டியை வேறொருவர் எடுக்கட்டும். அடிக்கடி நடக்கும் தவறு இதற்கு எதிர்த்திசையில் இருக்கிறது: ஓட்ட வேண்டும் என்பதற்காக வழக்கமான வேளை மாத்திரையைத் தவிர்ப்பது. கட்டுக்குள் இல்லாத வலி கவனத்தைப் பறிக்கும், தலையைத் திருப்ப விடாது, தாமதமான வேளைக்கு உடல் நடுக்கமும் வியர்வையுமாகப் பதில் சொல்லும். வலி மருந்தை ஒழுங்காக எடுத்தவர் அதைத் தவிர்த்தவரைவிடப் பாதுகாப்பாக ஓட்டுவார்.

தோலில் ஒட்டும் ஃபென்டனில் பேட்ச் போட்டிருப்பவர்கள் வெப்பத்தைப் பற்றி அறிந்திருக்க வேண்டும். தோல் சூடானால் மருந்து வேகமாக உள்ளே இறங்கும். முதுகில் பேட்ச் ஒட்டிக்கொண்டு காரின் இருக்கை சூடேற்றியை இயக்குவது ஆபத்து. காய்ச்சலும் அதே வேலையைச் செய்யும். முதல் பேட்ச் முழு அளவை எட்ட 12 முதல் 24 மணி நேரம் ஆகும் என்பதால், ஒட்டிய மாலையில் தெளிவாக இருந்தவர் மறுநாள் காலையில் மயக்கமாக இருக்கலாம். கழற்றிய பிறகும் ரத்தத்தில் உள்ள அளவு பாதியாகக் குறைய 17 மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும்.

மருந்தின் அளவு மாறாமலேயே அதன் வலு மாறும் சந்தர்ப்பங்களும் உண்டு. வாந்தி, வயிற்றுப்போக்கால் நீர் வற்றிச் சிறுநீரகம் சுணங்கினால் மார்ஃபினின் கழிவுப் பொருட்கள் வெளியேறாமல் தேங்கும். மாதக்கணக்கில் ஒத்துப்போன அதே மாத்திரை மயக்கத்தில் தள்ளும். பூஞ்சைத் தொற்றுக்குத் தரும் ஃப்ளூகோனசோல் போன்ற மருந்துகள் ஃபென்டனில், ஆக்ஸிகோடோன் ஆகியவற்றின் அளவை ரத்தத்தில் உயர்த்தும். பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகுவது, கை கால் திடீர் திடீரென்று துள்ளுவது, பார்வையின் ஓரத்தில் இல்லாதவை தெரிவது ஆகியவை அளவு மீறியதன் அடையாளங்கள். அன்று ஓட்டக் கூடாது என்பது மட்டுமல்ல, அன்றே மருத்துவரை அழைக்க வேண்டும். இந்த மருந்துகள் கண்மணியைச் சுருக்குவதால் இருட்டில் பார்வை குறையும் என்பதையும் நினைவில் வைத்து, பகல் ஓட்டத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பெடலை உணராத பாதம்

வின்கிறிஸ்டின், பேக்லிடாக்செல், சிஸ்பிளாட்டின், ஆக்ஸாலிபிளாட்டின், போர்டிசோமிப் ஆகியவை நரம்பு நுனிகளைப் பாதிக்கும். மரப்பு கால்விரலில் தொடங்கி மேலே ஏறும். பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை ஓட்டுநர் கண்ணால் பார்ப்பதில்லை. பாதம் சொல்லித்தான் அறிகிறார். அந்தத் தகவல் வராதபோது மெல்ல நிறுத்த நினைத்தால் வண்டி குலுங்கி நிற்கும், அல்லது பாதம் இரண்டு பெடலுக்கும் நடுவில் சிக்கும். 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் நகர்கிறது. பாதம் பிரேக்கைத் தேட அரை நொடி கூடுதலாக எடுத்தால் வண்டி 8 மீட்டர் தள்ளித்தான் நிற்கும்.

வீட்டிலேயே சோதிக்கலாம். இன்ஜினை அணைத்து, வண்டியை நிறுத்திய நிலையில், கண்களை முன்னே வைத்துக்கொண்டு உட்காருங்கள். பக்கத்தில் இருப்பவர் எதிர்பாராத நேரங்களில் "பிரேக்" என்று சொல்லட்டும். வலது பாதம் ஆக்சிலரேட்டரிலிருந்து பிரேக்குக்குப் போக வேண்டும். இப்படிப் பத்து முறை. ஒருமுறை தவறினாலோ, குனிந்து பார்க்கத் தோன்றினாலோ சாலைக்குப் போக வேண்டாம். மெல்லிய, தட்டையான அடிப்பாகமும் மூடிய குதிகாலும் உள்ள காலணி உதவும், செருப்பு உதவாது. பிளாட்டினம் மருந்துகளில் சிகிச்சை முடிந்த பிறகும் சில மாதம்வரை மரப்பு கூடிக்கொண்டே போகலாம். கடைசிச் சுற்றில் தேறிய சோதனை இரண்டு மாதம் கழித்துத் தவறலாம் என்பதால் திரும்பவும் செய்து பாருங்கள். ஆக்ஸாலிபிளாட்டின் ஏறிய முதல் சில நாட்களில் குளிர் பட்டாலே விரலும் தொண்டையும் சுரீரென்று கூசும். ஏசி காற்று கையிலும் முகத்திலும் நேராகப் படாதபடி திருப்பி வைத்து, கையுறை அணிவது நல்லது.

ஸ்டீராய்டை வாரக்கணக்கில் எடுப்பவர்களுக்குத் தொடைத் தசை மெலியும். மரப்பு இல்லாமலேயே காலைத் தூக்கி வைப்பது மெதுவாகும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியாதவர் அவசரப் பிரேக் போட முடியாது. காலின் குறை நிலையானது என்று தெரிந்தால், கையால் இயக்கும் பிரேக், இடது கால் ஆக்சிலரேட்டர் போன்ற மாற்றங்களை வண்டியில் செய்யலாம். பயிற்சியும் அனுமதியும் பெற்ற பிறகு ஓட்டலாம்.

மூளை

மூளையில் தொடங்கிய கட்டியும், நுரையீரல், மார்பகம், மெலனோமா என்ற தோல் புற்றுநோய் ஆகியவற்றிலிருந்து மூளைக்குப் பரவிய கட்டியும் தனி வகை. இங்கே "இன்று எப்படி இருக்கிறது" என்ற கேள்விக்கே இடமில்லை. சிகிச்சைக் குழு அனுமதி தரும்வரை ஓட்டக் கூடாது. முதல் காரணம் வலிப்பு. அது முன்னறிவிப்பின்றி வரும். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி கால்கை வலிப்பு உள்ளவர் கார் ஓட்ட ஓர் ஆண்டு வலிப்பின்றி இருந்திருக்க வேண்டும். கனரக வாகனத்துக்கு வலிப்பு மருந்தே இல்லாமல் 10 ஆண்டு. பிரிட்டனில் மூன்றாம், நான்காம் நிலைக் கிளையோமா என்ற மூளைக் கட்டி உள்ளவர்கள் முதன்மைச் சிகிச்சை முடிந்து பொதுவாக 2 ஆண்டு கார் ஓட்ட முடியாது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறுகிறது.

இரண்டாவது காரணம் பார்வைப் புலம். மூளையின் பின்பகுதிக் கட்டி இரு கண்ணிலும் ஒரே பக்கத்துப் பாதிப் பார்வையை எடுத்துவிடலாம். நேராகப் படிக்கும் அட்டையில் எல்லா எழுத்தும் தெரியும், ஆனால் இடப்பக்கமிருந்து வரும் சைக்கிள் தெரியாது. பல நாடுகளில் கார் ஓட்டுநருக்குக் கிடைமட்டமாக 120 பாகையாவது பார்வைப் புலம் வேண்டும். இதைக் கண் மருத்துவமனையில் கருவி வைத்துத்தான் அளக்க முடியும். வலது பக்கவாட்டு மூளை பாதித்தவருக்குக் கண் பார்த்தாலும் இடப்பக்கத்தை மனம் பதிவு செய்யாமல் போகலாம். கதவு நிலையில் இடது தோள் இடிப்பது, தட்டின் இடப்பக்கத்து உணவை விட்டுவிடுவது, வண்டியின் இடப்பக்கத்தில் மட்டும் புதுக் கீறல்கள் என்று வீட்டார்தான் முதலில் கவனிப்பார்கள்.

மிகக் கடினமானது முன்மூளைக் கட்டி. அது தன் குறையை அறியும் திறனையே குறைக்கும். அவரிடம் வாதாடிப் பயனில்லை. "ஓட்டக் கூடாது" என்பதை மருத்துவர் எழுத்தில் தர வேண்டும், சாவி அவர் கண்ணில் படாத இடத்தில் இருக்க வேண்டும். இதைச் செய்யும் குடும்பத்தார் குற்ற உணர்வு கொள்ளத் தேவையில்லை.

வீக்கம் வடிய டெக்ஸாமெத்தாசோன் எடுத்தவர்கள் அளவைக் குறைக்கும் வாரங்களில் கவனமாக இருக்க வேண்டும்; தலைவலி, கை கால் தளர்ச்சி, குழப்பம் திரும்பலாம். மூளைக்குக் கதிர்வீச்சு முடிந்து 4 முதல் 6 வாரத்தில் சிலருக்குக் கட்டுக்கடங்காத தூக்கம் சில நாள் வரும். சிகிச்சை முடிந்துவிட்டது என்ற நிம்மதியில் ஓட்டத் தொடங்கும் நேரம் அது.

மூளையில் கட்டியே இல்லாமல் மூளை பாதிப்பதும் உண்டு. நோயாளியின் நோய் எதிர்ப்பு செல்களை மாற்றித் திரும்ப ஏற்றும் கார்-டி செல் சிகிச்சைக்குப் பின் குழப்பம், பேச்சுத் தடுமாற்றம், வலிப்பு வரலாம் என்பதால் 8 வாரம் ஓட்டக் கூடாது என்ற தடை இருந்தது. 2025 ஜூனில் அமெரிக்கா அதை 2 வாரமாகக் குறைத்தது. மற்ற நாடுகளில் சிகிச்சை மையம் சொல்வதே கணக்கு. அங்கே தினமும் ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார்கள். கையெழுத்து கோணினாலே பாதிப்பு தொடங்கியதற்கு அடையாளம். பிளினாட்டுமோமாப் சிறு பம்ப் மூலம் 28 நாள் விடாமல் ஏறும் ரத்தப் புற்றுநோய் மருந்து; நோயாளி வீட்டில் நடமாடிக்கொண்டிருப்பார், ஆனாலும் பம்ப் ஓடும்வரை ஓட்டத் தடை உண்டு. ரத்தத்தில் கால்சியம் கூடுவது, சோடியம் குறைவது, கல்லீரல் செயலிழப்பு ஆகியவையும் மந்தத்தையும் குழப்பத்தையும் தரும். இவை ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

அறுவைக்குப் பின், போர்ட் இருக்கும்போது

வயிற்று அறுவைக்கும் மார்பக நீக்கத்துக்கும் பிறகு பொதுவாக 4 முதல் 6 வாரம் ஓட்டக் கூடாது. தேதியைவிட, அவசரப் பிரேக் போடும்போது தையல் வலிக்கு அஞ்சிக் கால் தயங்காமல் இருப்பது முக்கியம். கழுத்து அறுவையானவர் தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்க முடிய வேண்டும். தொடை எலும்புக்கோ முதுகெலும்புக்கோ பரவியிருந்தால், பலமாகப் பிரேக் அழுத்துவதே எலும்பை முறிக்கக்கூடும். எலும்பு மருத்துவர் பார்க்காமல் வேண்டாம். மருந்து ஏற்றுவதற்காகத் தோலுக்கு அடியில் பதிக்கும் கீமோ போர்ட் பெரும்பாலும் வலது மார்பில் இருக்கும். ஸ்டீயரிங் வலப்பக்கம் உள்ள வண்டியில் ஓட்டுநரின் சீட் பெல்ட் அதன் மேலேயே உரசும். பெல்ட்டுக்கு மென்மையான உறை போடுங்கள். அதைக் கைக்கு அடியில் விடுவதோ கழற்றுவதோ கூடாது.

மறுபடி தொடங்கும்போது

சில வாரம் ஓட்டாமல் இருந்தவர் பகல் வெளிச்சத்தில், மழை இல்லாத நாளில், பழகிய சாலையில், 15 நிமிடத்துக்கு மேல் போகாமல், உரிமம் உள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொடங்கட்டும். பக்கத்தில் இருப்பவர் கவனிக்க வேண்டியவை: கோட்டை விட்டு விலகுகிறதா, வேகம் காரணமின்றி ஏறி இறங்குகிறதா, பேச்சுக் கொடுத்தால் ஓட்டம் கெடுகிறதா. கீமோவுக்குப் பின் நினைவும் கவனமும் மங்கியவர்களுக்கு இந்தக் கடைசிக் குறைதான் முதலில் வெளிப்படும், ஏனென்றால் ஒரே நேரத்தில் இரண்டைக் கவனிப்பது அவர்களுக்குக் கடினம். "இவர் ஓட்டும் வண்டியில் என் குழந்தையை ஏற்றிவிடுவேனா" என்று வீட்டார் தங்களையே கேட்டுக்கொள்ளலாம். சந்தேகம் இருந்தால், ஓட்டும் திறனை மதிப்பிடப் பயிற்சி பெற்ற தொழில்வழிச் சிகிச்சையாளர் சாலையிலேயே சோதித்துச் சொல்வார். காகிதத் தேர்வுகளைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

சட்டப் பொறுப்பு ஓட்டுபவருடையது. எந்த நோயை உரிம அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். தெரிவிக்காமல் ஓட்டினால் விபத்துக் காப்பீடு கிடைக்காமல் போகலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015 மார்ச் 2 முதல் ரத்தத்தில் மார்ஃபினுக்கு லிட்டருக்கு 80 மைக்ரோகிராம் என்ற வரம்பு உண்டு. மருத்துவர் சொன்னபடி எடுத்து, ஓட்டும் திறன் குறையாமல் இருந்தால் அதை எதிர்வாதமாக முன்வைக்கச் சட்டமே இடம் தருகிறது. எந்த நாட்டில் இருந்தாலும் மருந்துச் சீட்டின் நகலை வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள். பிரான்சில் மருந்துப் பெட்டிகளில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என மூன்று நிறத்தில் கார் படம் அச்சிடுகிறார்கள். சிவப்பு என்றால் ஓட்டவே கூடாது. அப்படி அச்சிடாத நாட்டில் அந்தக் கேள்வியை மருந்துக் கடையில் கேட்டு, பதிலைப் பெட்டியின் மேலேயே பேனாவால் எழுதி வைக்கலாம்.

காய்ச்சல் 38 பாகை செல்சியஸைத் தொட்டாலோ, கால்கள் திடீரென்று தளர்ந்தாலோ, மூச்சு வாங்கினாலோ மருத்துவமனைக்குத் தானே ஓட்டிப் போகக் கூடாது. அது ஆம்புலன்ஸை அழைக்க வேண்டிய நேரம்.